வினோதா சந்திக்க வைத்த கோடுகள்

முதல் நாள் வினோதா வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்று, "குட் மோர்னிங் மிஸ்" என்றார்கள். "உட்காருங்க" என்று அவளும் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். தானும் அவர்களோடு உட்கார வந்தவள் என்பது பிறகுதான் உறைத்தது. கடைசி வாங்கில் போய் உட்கார்ந்து அவள் கொப்பியை எடுத்தபோது வகுப்பே திரும்பிப் பார்த்தது.

அவளுக்கு வயது முப்பத்தாறு. றொசல்லப் பக்கம் ஒரு தோட்டத்தில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்தாள். அங்கே பொறுப்பாளர் பதவி காலியாகப் போகிறது. அதற்குச் சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் சித்தியடைந்திருக்க வேண்டும். வினோதா பதினாறு வயதில் ஒரு தடவை பெயில், பதினேழு வயதில் ஒரு தடவை பெயில். அந்த ஒரு பாடத்தில் மட்டும் தான் சொன்ன சொல் மாறாதவள் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

ஹட்டன் டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில் சனிக்கிழமை வகுப்பு நடத்தியவள் சர்மிளா. பள்ளிக்கூடத்தில் வினோதாவுக்கு ஐந்து வருஷம் கீழே படித்தவள். மாணவத் தலைவியாக இருந்தபோது வினோதா ஒருநாள் அவளைப் பிந்தி வந்தாள் என்று வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறாள். அதெல்லாம் மறந்திருப்பாள் என்று நம்பித்தான் வகுப்பில் சேர்ந்தாள்.

"நேரத்துக்கு வந்துட்டீங்களேக்கா" என்றாள் சர்மிளா. மறந்திருக்கவில்லை.

மூன்றாவது வாரம் ஒருங்கமை சமன்பாடுகளை வரைபு மூலம் தீர்ப்பது தொடங்கியது. சமன்பாடு ஒவ்வொன்றுக்கும் மூன்று புள்ளி கண்டுபிடித்து, வரைபுத்தாளில் குறித்து, கோடு போட வேண்டும். இரண்டு கோடும் வெட்டுகிற இடம்தான் விடை. கேட்கும்போது சுலபமாகத்தான் இருந்தது. வீட்டுக் கணக்காக x + y = 5, y = 2x − 1 கொடுத்தாள் சர்மிளா. இரண்டாவது சமன்பாட்டில் x பூச்சியமாக இருக்கும்போது y மறை ஒன்று. வினோதா அந்த மறைக் குறியைக் கவனிக்காமல் ஒன்று என்று குறித்தாள். மூன்று புள்ளியையும் சேர்த்தபோது நேர்கோடு வரவில்லை. கினிகத்தேனைக்கு இறங்கும் பாதை மாதிரி நடுவில் ஒரு வளைவு விழுந்தது.

புள்ளியைச் சரிபார்க்கப் பொறுமை இல்லாததால் அவள் வேறு வழி கண்டாள். சுருக்கித் தீர்க்கும் முறை அவளுக்கு ஓரளவு வரும். அதில் விடையை எடுத்துக்கொள்வது, x இரண்டு, y மூன்று. முதலில் அந்தப் புள்ளியைத் தாளில் வைப்பது. பிறகு அதன் வழியாக இரண்டு கோட்டை அடிமட்டம் வைத்துப் பாங்காக இழுப்பது. மத்தியானம் குழந்தைகள் தூங்கும் நேரத்தில் இப்படி நாலு கணக்குச் செய்தாள். நாலுக்கும் சர்மிளா சரி போட்டாள். "எவ்வளவு நீட்டா இருக்கு" என்று வகுப்புக்குத் தூக்கியும் காட்டினாள்.

அன்றிலிருந்து வினோதாவின் நடையே மாறிவிட்டது. பக்கத்தில் உட்காரும் பதினாறு வயது லோஜினி அவளைக் கணக்குப் புலி என்று நம்பத் தொடங்கினாள். வினோதாவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அந்த நம்பிக்கை வந்துவிட்டது.

அடுத்த மாதம் வகுப்பில் ஒரு சோதனை வைத்தார்கள். y = 2x + 3, 2y = 4x − 2. வினோதா தன் வழக்கப்படி முதலில் சுருக்கினாள். x எல்லாம் அடிபட்டுப்போய், ஆறு சமன் மறை இரண்டு என்று வந்தது. எங்கேயோ பிழை விட்டிருக்கிறோம் என்று இன்னும் இரண்டு தடவை செய்தாள். ஆறு அப்போதும் மறை இரண்டாகத்தான் இருந்தது. பக்கத்தில் எட்டிப் பார்த்தாள். லோஜினி இரண்டு கோடு போட்டு முடித்திருந்தாள். இரண்டும் ஒன்றை ஒன்று தொடாமல் பக்கத்தில் பக்கத்தில் போயின. பாவம், அவசரத்தில் பிழையாகப் போட்டுவிட்டது பிள்ளை என்று வினோதாவுக்கு இரக்கமாகிவிட்டது.

"தங்கச்சி, ஒங்க கோடு சேரவே இல்லயே. கொஞ்சம் சாச்சுப் போடுங்க."

"அப்படி வரலயேக்கா" என்றாள் லோஜினி மெதுவாக.

"வரும் வரும். வெட்டாம ஒரு கணக்கு இருக்குமா? மூணு, ஏழுல வெட்டும் பாருங்க."

மூன்றும் ஏழும் எந்தச் சமன்பாட்டுக்கும் பொருந்தாது. இரண்டு பக்கத்துக்கும் மனத்தாங்கல் வராமல் நடுவில் ஒரு புள்ளியாகத்தான் வினோதா அதைத் தேர்ந்தெடுத்திருந்தாள். லோஜினி அவள் முகத்தைப் பார்த்தாள், தன் தாளைப் பார்த்தாள், பிறகு அழிறப்பரை எடுத்தாள்.

மறு சனிக்கிழமை சர்மிளா தாள்களைக் கொண்டுவந்தாள். "இந்த ரெண்டு கோடும் சமாந்தரம். படித்திறன், அதான் சாய்வு, ரெண்டுக்கும் ரெண்டு. எங்கயும் வெட்டாது, விடையே கிடையாது. ஆனா இங்க ரெண்டு பேரு விடை கண்டுபிடிச்சிருக்காங்க" என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் லோஜினியின் தாளை வெளிச்சத்துக்குப் பிடித்தாள். "சரியா போட்டு, தீர்வு இல்லன்னும் எழுதி, அப்புறம் ஏன் அழிச்சீங்க?"

லோஜினி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் வாயைத் திறக்கப்போவதில்லை என்று வினோதாவுக்குப் புரிந்தது. சும்மா இருந்தால் தப்பித்துவிடலாம். ஆனால் பக்கத்தில் அந்தப் பிள்ளையின் காது சிவந்துகொண்டே போவதைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"நான்தான் மிஸ் அழிக்கச் சொன்னேன். எனக்கு வரைபே தெரியாது. மொதல்ல விடைய எடுத்துட்டு, அப்புறம் அது மேல கோடு போடுவேன். அந்த நாலு கணக்கும் அப்படித்தான்."

சிரிப்புச் சத்தம் கீழே ஹார்ட்வெயார் கடை வரைக்கும் கேட்டிருக்கும். சர்மிளா மட்டும் சிரிக்கவில்லை. "நாலையும் திரும்பச் செஞ்சு கொண்டாங்கக்கா. ஒவ்வொரு கோட்டுக்கும் மூணு புள்ளி. ரெண்டு பொய் சொன்னாலும் மூணாவது காட்டிக் குடுத்துரும்" என்றாள்.

படியிறங்கும்போது வினோதா லோஜினியிடம் மன்னிப்புக் கேட்டாள்.

"எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சுக்கா. நீங்க அவ்வளவு உறுதியா சொன்னீங்க" என்றாள் லோஜினி. அந்தப் பிள்ளை திட்டியிருந்தால்கூட வினோதாவுக்கு இவ்வளவு உறைத்திருக்காது.

நாலு கணக்கும் நாற்பது கணக்காயின. பரீட்சையில் லோஜினிக்கு ஏ, வினோதாவுக்கு எஸ். எஸ் என்றாலும் சித்திதான் என்று அவள் எல்லோரிடமும், கேட்காதவர்களிடமும், சொன்னாள். ஆறு மாதம் கழித்து பொறுப்பாளர் பதவியும் கிடைத்தது.

பொறுப்பேற்ற வாரம் அவள் குழந்தைகளின் நிறை அட்டைகளை எடுத்துப் பார்த்தாள். மாதாமாதம் நிறுத்து, ஒரு புள்ளி குறித்து, கோடு இழுக்க வேண்டிய அட்டைகள். ஏழெட்டு அட்டைகளில் கோடு அடிமட்டம் வைத்ததுபோல் ஒரே சீராக ஏறிக்கொண்டு போனது. எந்தக் குழந்தையும் அப்படி வளராது. காய்ச்சல் வந்தால் இறங்கும், பால் மறந்தால் நிற்கும். யார் இந்த வேலையைப் பார்த்தது என்று அவள் விசாரிக்கவில்லை. எழுத்து அவளுடையது. மழைக்காலத்தில் தராசைத் தூக்கச் சோம்பல்பட்டு, போன மாதப் புள்ளிக்கு மேலே உத்தேசமாக ஒன்று வைத்த நாட்கள் நினைவுக்கு வந்தன.

அன்றைக்கே தராசை மாட்டி எல்லாக் குழந்தைகளையும் நிறுத்தாள். மற்றவர்கள் பரவாயில்லை. கொழுந்து பறிக்கும் பேச்சியம்மாவின் மகளுக்கு மட்டும் அட்டையில் இருந்ததைவிட நிறை குறைவாக இருந்தது. பின்னேரம் மலையிலிருந்து இறங்கிய பேச்சியம்மாவைக் கூப்பிட்டு அட்டையைக் காட்டினாள்.

"மிட்வைப் அம்மாகிட்ட காட்டணும். நாளைக்கு நானும் கூட வாறேன்."

"கோடு மேலதானே போகுது மிஸ்?" என்றாள் பேச்சியம்மா.

"அது நான் போட்ட கோடும்மா" என்றாள் வினோதா.