தலையாட்டிய கிடா

மஞ்சள் தண்ணீர் இன்னும் குடத்திலேயே இருந்தது. ஒரு துளிகூடத் தெளிக்கும் முன்பே கிடா தலையை உதறியது. உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்கியது. பந்தலில் நின்ற பெண்கள் குலவையிட்டார்கள்.

நெல்லைச் சீமையிலிருந்து வந்து மும்பைத் தாராவியின் அந்தச் சந்தில் குடியேறியவர்கள் ஆண்டுதோறும் சுடலைமாடனுக்குக் கொடைவிழா நடத்துவார்கள். தண்ணீர் தெளித்ததும் கிடா உதறினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாகப் பொருள். உதறாத கிடாவின் முன்னே கால் கடுக்கக் காத்திருந்த ஆண்டுகளும் உண்டு. இம்முறை கேளாமலே கிடைத்த உத்தரவில் சந்தே கிறங்கிப் போயிருந்தது.

இசக்கிசெல்வி மட்டும் குலவையிடாமல் கிடாவையே உற்றுப் பார்த்தாள். செம்பூர் முதல் முலுண்ட் வரை தெருநாய்களை வலைவீசிப் பிடித்து வெறிநோய்த் தடுப்பூசி போடும் குழுவில் நான்காண்டுகளாக வேலை பார்ப்பவள் அவள். அரைநாள் லீவு சொல்லிவிட்டு நேரே பந்தலுக்கு வந்திருந்தாள். கிடாவின் வாயோரத்தில் எச்சில் நூலாகத் தொங்கியது. பின்னங்கால் ஒன்று தரையில் இழுபட்டது. கத்தும்போது எழுந்த குரல், தகரத்தைத் தரையில் இழுத்தாற்போல் கரகரத்தது.

கயிற்றைப் பிடித்திருந்தவன் அவளுடைய அண்ணன் ராஜபாண்டி. கிடாவை நேர்ந்துவிட்டவனும் அவனே.

“அண்ணே, இத நாய் கடிச்சுதா?”

“போன மாசம் மூஞ்சில லேசாப் பல்லு பட்டுச்சு. மஞ்சப்பொடி வச்சேன், ஆறிட்டு. நல்ல நாளும் அதுவுமா இது என்னட்டி விசாரணை?”

“தீனி திங்குதா?”

“ரெண்டு நாளா இல்ல. தொண்டைல பிளாஸ்டிக் பை அடைச்சிருக்கும்னு நேத்து கைய விட்டுப் பாத்தேன். இந்தா, இம்புட்டு தூரம்.” அவன் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினான். “ஒண்ணுமே இல்ல.”

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். தோல்பைப் பட்டறையில் கத்தி பிடிக்கும் கை. வாரம் ஒரு வெட்டு விழாமல் இருந்ததில்லை. கட்டைவிரலில் புதிய வெட்டு ஒன்று இன்னும் சிவப்பாக வாய் பிளந்திருந்தது.

நாயென்றும் நரியென்றும், ஆடென்றும் மனிதனென்றும் பேதம் பாராத கிருமி அது. காயத்தில் நுழையும், நரம்பைப் பற்றிக்கொண்டு மூளையை நோக்கி ஊரும். மூளையைத் தொடும்வரை ஊசி வெல்லும். தொட்டுவிட்டால் உலகத்து மருந்துக்கடைகள் அத்தனையும் திறந்திருந்தாலும் பயனில்லை. அண்ணன் கைவிட்டது நேற்றுத்தான். அவன் பிழைப்பான், இன்றே அவனை இழுத்துச் சென்றால் பிழைப்பான். அதில் அவளுக்கு ஐயமே இல்லை.

“இது வெறிநோய்ண்ணே. இப்பவே சயான் ஆஸ்பத்திரிக்கு வா. ஊசி போடணும்.”

ராஜபாண்டி வலக்கையை உயர்த்தினான். அதில் மஞ்சள் கயிறு. “காப்புக் கட்டியிருக்கேன்லா? கொடை முடியாம எல்லையத் தாண்டக்கூடாது. நாளன்னைக்கு வாரேன்.”

சாமியாடி கணேசபாண்டியன் முன்னே வந்தார். தகரப் பட்டறை வைத்திருப்பவர். வெட்டிய கிடாவின் இரத்தத்தைக் கையில் ஏந்திக் குடிப்பவர்.

“நாய்க்கு ஊசி போடுத பிள்ள, சாமிக்கும் போட வந்துட்டியோ?”

பந்தல் சிரித்தது.

“சாமிக்கு வேண்டாம் மாமா, உங்களுக்குத்தான் வேணும். இப்ப நான் வரும்போது அது வாயத் தொடச்சுவிட்டது நீங்கதான? உங்க கைல தகரம் கீறின காயம் எத்தனன்னு பாத்தியளா?”

சிரிப்பு பாதியில் நின்றது. கணேசபாண்டியன் தம் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அந்த ஒரு நொடி அவளுக்குப் போதுமாயிருந்தது. வில்லுப்பாட்டுக்காரர்கள் வைத்திருந்த மைக்கைக் கையில் எடுத்தாள்.

“எல்லாரும் கேளுங்க. தண்ணி தெளிச்சு உதறினா அது உத்தரவு. தெளிக்காமலே உதறுனா அது என்னது? நீங்களே பாத்துச் சொல்லுங்க. கிடாவத் தூண்ல கட்டுங்க. ஒருத்தரும் தொடாதீங்க, சொட்டுத் தண்ணி படக்கூடாது. நான் நூறு எண்ணுதேன். அதுவரைக்கும் அது உதறாம நின்னா அருவாள நானே எடுத்துக் குடுக்கேன். நிக்கலன்னா எங்கண்ணன் எங்கூட வரணும்.”

“சரிதானே, எண்ணட்டுமே” என்றது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். கிடாவைக் கட்டினார்கள். மேளம் ஓய்ந்தது.

பத்து வரை எண்ணுவதற்குள் கிடா நான்கு முறை உதறியது. இருபத்தைந்தில் தூணை முட்டியது; மறுபடியும் முட்டியது. நாற்பதில் அந்த மூங்கில் தூணைக் கவ்விக் கடித்தது. பெயர்ந்த சிலாம்பு ஈறில் குத்தி இரத்தம் வழிந்தும் விடவில்லை. அறுபதைத் தாண்டியபோது பின்னங்கால்கள் மடங்கின. சாய்ந்து விழுந்து, ஓடுவதைப்போல் காற்றில் கால்களை உதைத்தது. எழுபதில் அவள் எண்ணுவதை நிறுத்தினாள். மிச்சத்தையும் எண்ணச் சொல்லி எவரும் கேட்கவில்லை.

“கிடா வேண்டாம்லே,” என்றார் கணேசபாண்டியன், தொண்டையைக் கனைத்துக்கொண்டு. “பொங்கலோட முடிச்சுக்கிடுவோம்.”

ராஜபாண்டியின் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் கால் நகரவில்லை. “இருந்தாலும் எல்லைன்னு ஒண்ணு…”

“முந்தாநாள் காப்போட டெம்போ ஏறி டிராம்பேக்கு டெலிவரி குடுக்கப் போனியே, டிராம்பே எந்த எல்லைக்குள்ள இருக்கு?” என்றாள் இசக்கிசெல்வி.

“வெரதத்துல அங்கன வடாபாவ் வேற தின்னுட்டு வந்தாரு,” என்றாள் அவன் மனைவி கீதா.

பந்தல் வெடித்துச் சிரித்தது. ராஜபாண்டி காப்புக் கயிற்றை வெறித்துப் பார்த்தான். பிறகு தங்கையின் முன் கையை நீட்டினான்.

குடத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு நல்ல தண்ணீர் பிடித்தாள். சோப்புப் போட்டு, கடிகாரம் பார்த்து, கால்மணி நேரம் அந்தக் கையைக் கழுவ வைத்தாள். கிடாவின் அருகே யாரும் அணுகாதபடி கயிறு கட்டித் தன் குழுவுக்குப் போன் செய்தாள். வாயைத் தொட்டவர், தீனி ஊட்டியவர் என்று பதினொரு பேர் தேறினார்கள். கணேசபாண்டியனும் வரிசையில் சேர்ந்துகொண்டார்.

ஆஸ்பத்திரியில், கட்டைவிரல் வெட்டைச் சுற்றி மருந்து ஏற்றியபோது ராஜபாண்டி போட்ட சத்தம் வாசல்வரை கேட்டது. பிறகு பெஞ்சில் அவளருகே வந்து உட்கார்ந்தான்.

“செல்வி, அந்தக் கிருமி ஊசிக்கு முன்னாடியே மூளைக்கு ஏறியிருந்தா?”

“அது நரம்பப் பிடிச்சு நடந்து போவுது. மருந்து ஃபாஸ்ட் லோக்கல் ரயில்ல போவுது. நீ நடுவுல எறங்கிராத. மொத்தம் நாலு தடவ வரணும்.”

அன்று மாலையே கிடா செத்தது. மூளைத் துணுக்கு பரிசோதனைக்குப் போனது. மூன்று நாள் கழித்துக் காலையில் போன் வந்தது: வெறிநோயேதான்.

செய்தியைச் சொல்ல இசக்கிசெல்வி சந்துக்குள் நுழைந்தபோது, ராஜபாண்டி கணேசபாண்டியன் வீட்டு வாசலை மறித்து நின்றிருந்தான்.

“மாமா, கெளம்புங்க. இன்னைக்கு ரெண்டாவது ஊசி.”

“மொத ஊசி போட்ட கையவே தூக்க முடியலடே. நாளைக்குப் பாப்போமே.”

“நாளைக்கெல்லாம் கெடையாது. நடக்கியளா, தூக்கட்டுமா?”

சாமியாடி முணுமுணுத்துக்கொண்டே சட்டையை மாட்டினார்.