மூன்றாவது சிலிண்டர்

டயாலிசிஸ் வார்டில் பன்னிரண்டு நாற்காலிகள், பக்கத்துக்கு ஆறு. நடுவில் மருந்து வண்டி போய்வர ஒரு பாதை. ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அந்தப் பாதையில் நான்கு பேர் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசிப்பார்கள். இரண்டு வயலின், வயலினைவிடச் சற்றுப் பெரிய ஒரு வயோலா, தரையில் ஊன்றி வாசிக்கிற ஒரு செல்லோ. வண்டி வரும்போது செல்லோவை அணைத்துக்கொண்டு கணக்கு டீச்சர் காலை ஒடுக்கி வழிவிடுவார். வில் நிற்காது.

மூன்று வருடமாக இந்த வழக்கம். நால்வருக்கும் வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை உண்டு. முதல் வயலின் வாசிப்பவள் கண்ணாடிக் கடையில் பார்வை அளந்து லென்ஸ் எழுதித் தருபவள். வயோலா அவளுடைய கூடப்பிறந்த தம்பி. பல் லேபில் பல்செட் செய்கிறவன். இரண்டாவது வயலின் மருந்துக்கடைக்காரர். அவளைவிட எட்டு வயது மூத்த கணக்கு டீச்சர்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். தம்பிக்கு நாற்பத்தாறு வயது, முன்மண்டையில் முடி கிடையாது. ஆனாலும் குழுவுக்கே அவன் தம்பிதான்.

வார்டுக்கென்று அக்கா ஒரு பட்டியல் வைத்திருந்தாள். எல்லாம் மெதுவானவை, இதமானவை. "படுத்திருக்கிறவங்களுக்கு வருடிக் குடுக்கற மாதிரி இருக்கணும்" என்பாள். ஒவ்வொன்றும் முடிந்ததும் நோயாளிகள் தட்டுவார்கள். ஒரு கையில் ஊசி இருப்பதால் இன்னொரு கையால் தொடையில் தட்டுவார்கள். அந்தச் சத்தம் பழகிய பிறகு அக்காவுக்கு அரங்கத்துக் கைதட்டலே கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்ற ஆரம்பித்திருந்தது.

அன்றைக்கு ஒன்பதாவது நாற்காலியில் ஒரு புது ஆள். பஸ் டிப்போவில் முப்பத்தெட்டு வருடம் எஞ்சின் பார்த்த மெக்கானிக். பக்கத்தில் ஸ்டூலில் அவர் மனைவி. இரண்டாவது உருப்படி முடிந்து தொடைகள் ஓய்ந்ததும் அவர் கேட்டார்.

"ஏங்க, யாராவது செத்துட்டாங்களா?"

மனைவி அவர் முழங்காலைக் கிள்ளினாள். "சும்மா இருங்களேன்."

"கேக்கத்தானே செய்யறேன்? நாலு மணி நேரம் கட்டிப்போட்ட மாதிரி உக்காந்திருக்கோம். ஏற்கெனவே பாதி உசிருதான். இவங்க வந்து மீதியையும் தூங்க வச்சிட்டுப் போறாங்க." அக்கா பக்கம் திரும்பினார். "ஏம்மா, பெரிய ஹால்ல டிக்கெட் வாங்கிட்டு வர்றவங்களுக்கும் இதையேதான் வாசிப்பீங்களா?"

"இல்லீங்க. அது வேற மாதிரி. வேகமா, சத்தமா இருக்கும். உங்களுக்கு..."

"எங்களுக்குக் கோளாறு கிட்னியிலதாம்மா. காதுல இல்ல."

மருந்துக்கடைக்காரர் பக்கென்று சிரித்துவிட்டார். அக்காவுக்கு முகம் சிவந்தது. ஆனால் ஹெட் சிஸ்டர் வண்டியை நிறுத்திவிட்டு, "வாசிங்களேன், எனக்கும் கேக்கணும்" என்றாள். அடுத்த மாதம் அவர்கள் இரண்டு வாரத்தில் ஆறு ஊர் சுற்றப் போகிறார்கள். அதற்கான இசைத்தாள்கள் பையிலேயே இருந்தன. அதன் கடைசிப் பகுதியை எடுத்தார்கள். நான்கு பேரும் மூச்சுவிட நேரமில்லாமல் ஓட வேண்டிய பகுதி.

வார்டு நிமிர்ந்து உட்கார்ந்தது. மூன்றாவது நாற்காலி அம்மாள் போர்வைக்குள் பாதத்தை ஆட்டினாள். முடிந்ததும் பதினோரு தொடைகளும் அதிர்ந்தன. மெக்கானிக் மட்டும் தட்டவில்லை. கண்ணை மூடியபடி இருந்தார்.

"ஜோரா இருக்கு. ஆனா மூணாவது சிலிண்டர் லேட்டா அடிக்குது."

"என்னது?" என்றார் கணக்கு டீச்சர்.

"நாலு பேர்ல ஒருத்தர். வேகம் ஏற ஏற ஒரு மயிரிழை பிந்தறாரு. மத்த மூணும் அவருக்காகக் காத்து நின்னு போகுது. எஞ்சினா இருந்தா வண்டிய ஓரங்கட்டிருப்பேன்." கண்ணைத் திறந்தவர் விரலை நீட்டினார். தம்பியை.

"அந்த இடத்துல எழுதியிருக்கறதே அப்படித்தாங்க" என்றாள் அக்கா, வேகமாக.

அது பொய் என்று நால்வருக்கும் தெரியும். கணக்கு டீச்சர் தாள்களை அடுக்க ஆரம்பித்தார். தம்பி வயோலாவைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு வெளியே நடந்தான்.

வண்டி நிறுத்துமிடத்தில் அக்கா அவனைப் பிடித்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றான்.

"அஞ்சு மாசமா."

"எப்படி?"

"சுண்டுவிரல நீ வைக்கறதே இல்ல. அதுக்குப் பதிலா கையையே நகத்தி மோதிர விரலால எடுக்கற. அப்படி நகத்தறதுலதான் நேரம் போகுது. அந்த விரலும் தெம்பா இல்ல."

"தெரிஞ்சும் சொல்லல."

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன்டா."

"நான், நீ கவனிக்கலேன்னு இருந்தேன்." அவள் பக்கம் திரும்பினான். "அப்ப போன மாசம் ஒத்திகையில, வேகத்தக் குறைச்சுக்கலாம், நிதானமா வாசிச்சா அழகா இருக்குன்னு சொன்னியே, அது?"

அவள் பைக்குள் கார் சாவியைத் தேடினாள்.

"மூணு பேரையும் எனக்காக நொண்ட வச்சிருக்க. இன்னிக்கு முதமுதல்ல கேக்கற ஆளு கண்ண மூடிட்டுச் சொல்றாரு. கூடப் பொறந்த உனக்கு வாய் வரல" என்று சொல்லிவிட்டு, அவள் காரில் ஏறாமல் பஸ் பிடித்துப் போனான். மூன்று நாள் போன் எடுக்கவில்லை.

நான்காம் நாள் லேபில் மெழுகில் ஒரு கீழ்த்தாடை செய்துகொண்டிருந்தான். கருகுகிற வாடை வந்தது. மெழுகு எங்கேயோ பற்றிக்கொண்டது என்று மேசையைத் தேடினான். அவனுடைய இடது சுண்டுவிரல்தான் மெழுகு உருக்கும் விளக்கின் சுடர்மேல் இருந்தது. வலிக்கவேயில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு நேராக டாக்டரிடம் போனான்.

முழங்கையில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார் டாக்டர். முப்பது வருடம் இடது கையை மடக்கி வயோலாவைப் பிடித்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். உடனே அறுவை செய்ய வேண்டும், தள்ளிப் போட்டால் கை சூம்பிவிடும், செய்தாலும் முழுசாகத் திரும்புமா என்று சொல்ல முடியாது.

சாயங்காலம் கண்ணாடிக் கடைக்குப் போய், பார்வை பரிசோதிக்கும் நாற்காலியில் உட்கார்ந்தான். எதிரே எழுத்து அட்டை. அக்கா யாருக்கோ ஃபிரேம் மாட்டிக் காட்டிக்கொண்டிருந்தவள் அவன் விரல் கட்டைப் பார்த்ததும் அப்படியே விட்டுவிட்டு வந்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான்.

"டூரை நிறுத்திடறேன்" என்றாள்.

"நிறுத்தினா இந்த ஜென்மத்துக்கும் உன்கூடப் பேச மாட்டேன். பியானோ ட்யூன் பண்ற பொண்ணு இருக்கால்ல, அவளக் கூப்பிடு. வயோலா நல்லா வாசிப்பா. என்ன, வாய்தான் கொஞ்சம் நீளம்."

"நீ இல்லாம எப்படிடா..."

"அதக் கேக்கத்தான் எனக்கும் ஆசையா இருக்கு" என்றான். அதில் கோபம் எவ்வளவு, கேலி எவ்வளவு என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

அறுவை முடிந்த பத்தாம் நாள் ஹெட் சிஸ்டர் அவனுக்குப் போன் பண்ணினாள். நடந்ததை எல்லாம் மெக்கானிக் எப்படியோ கேள்விப்பட்டுவிட்டாராம், யாரோடும் பேசுவதில்லையாம். கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டுக்கொண்டு தம்பி வார்டுக்குப் போனான். அவனைக் கண்டதும் மெக்கானிக் முகத்தை மிஷின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ராத்திரி தூங்கறதில்ல தம்பி" என்றாள் அவர் மனைவி. "வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம், ஒரு மனுஷன் பொழப்புல மண்ணைப் போட்டுட்டேன்னு ஒரே புலம்பல். அதுக்குத்தான் அன்னிக்கே கிள்ளினேன். இந்த மனுஷனுக்கு அப்பவும் உறைக்கல."

தம்பி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான். "ஐயா, நீங்க சொல்லலேன்னா நான் டூரை முடிச்சிட்டுப் பாத்துக்கலாம்னு விட்டிருப்பேன். அதுக்குள்ள கை போயிருக்கும்னு டாக்டர் சொன்னாரு."

மெக்கானிக் மெல்லத் திரும்பினார். "நெசமாவா?"

"நெசமா."

அவர் தலையை நிமிர்த்தி, "வேலைய ஒழுங்காப் பண்ணினாங்களா? எங்க, தையலக் காட்டுங்க பாப்போம்" என்றார். தம்பி கட்டைத் தளர்த்திக் காட்டினான். அவர் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "ம்ம். பரவால்ல. கை பதமான ஆளுதான்" என்று சான்றிதழ் கொடுத்தார்.

ஆறு ஊரில் கடைசி ஊரில் ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி நிகழ்ச்சி. மர நாற்காலி போட்ட நகரசபை மண்டபம், உயரமான ஜன்னல்கள். மழை பெய்தும் நாற்காலி காலியில்லை; பின்சுவரோரம் ஈரக் குடைகளோடு ஆட்கள் நின்றார்கள். கடைசிப் பகுதி வந்தது. மற்ற ஊர்களில் பழக்க தோஷத்தில் வேகம் குறைத்தே ஆரம்பித்திருந்தார்கள். இங்கே அக்கா தலையசைக்குமுன்பே ட்யூனர் பெண் வயோலாவைத் தூக்கிக்கொண்டு அவளை ஒரு பார்வை பார்த்தாள். இதுதானா உங்க வேகம் என்று கேட்பதுபோல. அக்கா வேகத்தைக் கொஞ்சம் கூட்டியே எடுத்தாள்.

பிறகு அவள் எதையும் யோசிக்கவில்லை. ஐந்து மாதமாக ஒவ்வொரு வளைவிலும் தம்பி வந்துவிட்டானா என்று ஒரு கண் எதிரே ஓடும். இன்றைக்குப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. திரும்புமுன் எல்லாரும் அங்கே இருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் வாசித்தபடியே சிரிப்பது தெரிந்தது. முடிந்த கையோடு மண்டபம் எழுந்து நின்றது.

மேடைக்குப் பின்னால் வந்ததும் அக்கா செல்லோ பெட்டிமேல் உட்கார்ந்து அழுதாள். கணக்கு டீச்சர் கைக்குட்டையை நீட்டினார்.

"சந்தோஷமா இருந்துச்சு டீச்சர். அவன் இல்லாம. அதான் தாங்கல."

"அழுங்க. ஆனா தம்பிக்குப் போன் பண்ணிட்டு அழுங்க."

ஒவ்வொரு ஊரிலிருந்தும் அவள் தம்பிக்குப் போன் பண்ணத்தான் செய்தாள். 'ஏதோ ஓடுச்சு, நீ இல்லாம சரியா வரல' என்பாள். அவன் 'ம்' என்பான். இன்றைக்கும் அவன்தான் முதலில் கேட்டான்.

"எப்படி இருந்துச்சு?"

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நல்லா இருந்துச்சுடா."

"எவ்வளவு நல்லா?"

"நாம இதுவரைக்கும் வாசிச்சதிலேயே."

அந்தப் பக்கம் துணி துவைக்கும் மிஷின் சுற்றுவது மட்டும் கேட்டது.

"முந்தின அஞ்சு ஊரும்?"

"அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு. பொய் சொன்னேன்."

"தெரியும். மருந்துக்கடைக்காரர் தினமும் போன் பண்ணி ஒண்ணு விடாம ஒப்பிச்சிட்டாரு. இன்னிக்கும் உன்ன முந்திக்கிட்டாரு."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "அந்த ஆள..."

"அக்கா, வலிக்குது. இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா நீ வாயத் திறந்து சொன்னியே. இனிமே என்னிக்காவது நான் நல்லா வாசிச்சேன்னு நீ சொன்னா, நம்பலாம்." பிறகு, "சரி, வை. துணி காயப் போடணும். ஒரு கையால பண்றதுக்குள்ள பொழுது போயிடுது" என்றான்.

மோதிர விரல் நான்கு மாதத்தில் திரும்பியது. சுண்டுவிரல் முக்கால்வாசி வந்து நின்றுவிட்டது. ஏழாவது மாதம் ஒரு விடுமுறை நாளில், பூட்டிய கண்ணாடிக் கடைக்குள் ஐந்து பேரும் கூடினார்கள். சுவர் முழுக்க ஃபிரேம்கள். தம்பி ஒரு தாள் கட்டைப் பிரித்து ஆளாளுக்குக் கொடுத்தான்.

"இதுக்கு ரெண்டு வயோலா வேணும். வேகமா ஓடறதெல்லாம் முதல் வயோலாவுக்கு. அது இவ வாசிக்கட்டும். நான் ரெண்டாவது. நாலு பேர் வாசிக்கறதுக்கும் இனிமே இவதான். நான் யோசிச்சிட்டேன், யாரும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்காதீங்க."

பழைய அக்காவாக இருந்தால் இல்லை, வேண்டாம், உன் இடம் உனக்குத்தான் என்று மன்றாடியிருப்பாள். அவள் தன் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சரி" என்றாள்.

"எனக்கு வாய் நீளம்னு சொன்னீங்களாமே?" என்றாள் ட்யூனர் பெண், ஸ்டாண்டை அவன் பக்கத்தில் போட்டபடி.

"யாரு சொன்னா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தம்பி மருந்துக்கடைக்காரரை முறைத்தான். அவர் வில்லுக்கு மும்முரமாகப் பிசின்கட்டி தேய்க்க ஆரம்பித்தார்.

முதல் பக்கம் முடிந்ததும் அக்கா நிறுத்தினாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"தம்பி, உன் சத்தம் பத்தல. பயந்து பயந்து வாசிக்கற. செல்லோ உன்ன முழுங்கிடுது."

"ஏழு மாசம் கழிச்சு வாசிக்கறேன்."

"தெரியும். சத்தம் பத்தல."

அவன் நாற்காலியைச் சற்றுத் திருப்பிப் போட்டுக்கொண்டு வயோலாவைத் தோளில் ஏற்றினான்.

அந்த வருடம் அதைப் பதினோரு இடங்களில் வாசித்தார்கள். வார்டில், தபால் பிரிக்கும் கூடத்தின் கேன்டீனில், நூலகத்தில், வெளியூர் மண்டபங்களில். எட்டு இடத்தில் நன்றாக வந்தது. மற்ற மூன்றில் எங்கே கெட்டது, யாரால் கெட்டது என்று வழிநெடுகப் பேசிக்கொண்டே ஊர் திரும்பினார்கள். பாதி நேரம் தம்பி ஒப்புக்கொண்டான். மீதி நேரம் அக்காவோடு சண்டை போட்டான்.