சூடாகாத வீடு

கணவர் இறந்த பிறகு அந்த அம்மாவின் சமையலறையில் எதுவும் சூடாகவில்லை. முதலில் மின்சார அடுப்பு. அடுத்து ஓவன். பழைய கெட்டிலும் போனதும், வெளியூரில் இருக்கும் மகள் புதிதாக ஒன்று வாங்கி அனுப்பினாள். அதில் ஊற்றிய தண்ணீரும் ஊற்றியபடியே குளிர்ந்து கிடந்தது. இரண்டு மெக்கானிக்குகள் வந்துபோனார்கள். ஒருவர் ஓவனின் காயிலை மாற்றினார், இன்னொருவர் அடுப்பின் தெர்மோஸ்டாட்டை மாற்றினார். இரண்டுமே வேலை செய்யவில்லை. கீழ் வீட்டுக்காரி கொடுக்கும் சோற்றிலும் ரொட்டியிலும் பழத்திலும் அந்த அம்மாவின் இரண்டு மாதம் ஓடியிருந்தது.

மூன்றாவதாக வந்தவள் ஒரு பெண். ஓவன் கம்பெனி ஒன்றின் பழுதுபார்க்கும் பிரிவில் நெடுங்காலம் இருந்துவிட்டு, இப்போது தனியாக வேலை செய்பவள். மகள்தான் அவளைத் தேடிப் பிடித்து அனுப்பியிருந்தாள். தொலைபேசியில் விவரம் எல்லாம் சொல்லிவிட்டு, வைப்பதற்கு முன் சற்றுத் தயங்கினாள். "அப்பா போகும்போது வீட்டுச் சூட்டையும் கூட எடுத்துட்டுப் போயிட்டாருன்னு அம்மா சொல்றாங்க. நீங்க சிரிச்சிடாதீங்க."

மெக்கானிக் சிரிக்கவில்லை. அந்தச் சமையலறைக்குள் கால் வைத்ததும் சிரிப்பு வரும் நிலையிலும் அவள் இல்லை. எல்லாம் துடைத்து வைத்த மாதிரி பளபளவென்று இருந்தது. சமைக்காத சமையலறைக்கு வாசனை என்று ஒன்றும் இருக்காது என்பதே அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

டெஸ்டரைப் பிளக்கில் வைத்தாள். அதன் சின்ன விளக்கு எரிந்தது. ஆக, மின்சாரம் வருகிறது. ஓவனைக் கழற்றிக் காயிலைச் சோதித்தாள், நன்றாக இருந்தது. தெர்மோஸ்டாட்டும் புதுக் கருக்கு அழியாமல் இருந்தது. புதுக் கெட்டிலை எடுத்துக்கொண்டு கீழ் வீட்டுக்கு இறங்கினாள். அங்கே அது சட்டென்று கொதித்துக் குமிழியிட்டது. மேலே வந்து சொன்னபோது அந்த அம்மாவுக்கு ஆச்சரியமே இல்லை.

"அங்க கொதிக்கும்மா. எனக்குத் தெரியும். இந்த வீட்லதான் கொதிக்காது."

பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு வீட்டை விட்டு அதிகம் நகரமாட்டார். கடைசிக் காலத்தில் அவள் சமைக்கப் போனால் போதும், படுக்கையறைக்குள் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து, சமையலறை வாசலிலேயே செய்தித்தாளோடு உட்கார்ந்துவிடுவார். சமைத்து முடித்ததும் மறுபடி உள்ளே போய் இன்னொரு சட்டை. "மாப்பிள்ளை முறுக்கு இன்னும் போகலையான்னு கேலி பண்ணுவேன். சிரிச்சுக்குவாரு. அலமாரிய மூடுற சத்தம் டக்குன்னு கேக்கும். இப்பவும் கேக்குதும்மா. கேட்டவுடனே ஓடி வந்து அடுப்பத் தொட்டுப் பாப்பேன். ஜில்லுன்னு இருக்கும்."

பேசிக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்திப் படுக்கையறைப் பக்கம் காதைத் திருப்பினாள். மெக்கானிக்குக்கு எதுவும் கேட்கவில்லை.

வேலையில் மனதைத் திருப்பினாள். டெஸ்டர் எரிந்தால் கம்பியில் மின்சாரம் வருகிறது என்று மட்டும்தான் அர்த்தம். வந்தது திரும்பிப் போகவும் ஒரு கம்பி வேண்டும். அந்த நியூட்ரல் கம்பி அறுந்திருந்தாலும் டெஸ்டர் எரியும், காயில் மட்டும் சூடாகாது. முன்பு வந்த இருவரும் அந்த விளக்கை நம்பி ஏமாந்திருந்தார்கள். அவள் மீட்டரை எடுத்து அளந்தாள். முள் அசையவே இல்லை. நினைத்தது சரி.

அடுப்பு, ஓவன் குமிழ்களை எல்லாம் ஒவ்வொன்றாக அணைத்து வைத்துவிட்டு, அந்தக் கம்பி போகும் வழியைத் தேடினாள். அடுப்புக்குப் பின்னால் சுவரில் ஓரிடத்தில் மட்டும் வண்ணம் புதிதாக இருந்தது. நகத்தால் சுரண்டினாள். அடியில் கரி. மேலே பார்த்தாள். கம்பி சுவர் ஏறி, படுக்கையறைக்குள் நுழைந்து, அவருடைய மர அலமாரிக்குப் பின்னால் மறைந்தது.

அலமாரியைத் திறக்கலாமா என்று மெக்கானிக் கேட்டாள். அவர் போனதிலிருந்து யாரும் அதைத் தொட்டதில்லை. அந்த அம்மா தானே வந்து, சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்தாள். தாகம் எடுக்கிறது என்று தண்ணீர் குடிக்கப் போய்விட்டு வந்தாள். மெக்கானிக் கடைசிச் சட்டையை ஒதுக்கினாள். பின்பலகையைச் சதுரமாக வெட்டி, அதில் ஒரு சுவிட்ச் பொருத்தப்பட்டிருந்தது. விரல் பட்டுப் பட்டு அதன் முனை மழுங்கிப்போயிருந்தது. அதிலிருந்து போன இரண்டு கம்பிகளும் நியூட்ரலின் வெட்டிய இரு முனைகள்.

லிஃப்ட் வேலை தெரிந்தவர் தவறுதலாக இப்படிச் செய்யமாட்டார் என்று மெக்கானிக்குக்குப் புரிந்தது. எவன் வந்து சோதித்தாலும் டெஸ்டர் எரிய வேண்டும், மின்சாரத்தில் குறையில்லை என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். மனைவிக்கு மட்டும் இது தெரியவே கூடாது.

சுவிட்சை அழுத்தினாள். டக்.

அந்த அம்மா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுதான். இந்தச் சத்தம்தான்."

சற்று நேரத்தில் சமையலறையிலிருந்து தீய்ந்த நாற்றம் வந்தது. மெக்கானிக் ஓடினாள். அடுப்பின் ஒரு தட்டு செக்கச் சிவந்திருந்தது. மேலே கிடந்த துணியின் ஓரத்தில் தீ ஏறத் தொடங்கியிருந்தது. துணியை இழுத்துத் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்தாள். விரல்களில் சூடு பட்டுவிட்டது. குமிழை அணைத்த பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தானே போனோம்?

வாசலில் அந்த அம்மா நின்றிருந்தாள். ஈரத்துணியையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நானா திருப்பினேன்?"

தண்ணீர் குடிக்க அவள் இங்கே வந்துபோனது மெக்கானிக்கின் நினைவுக்கு வந்தது.

அந்த அம்மா சுவரோரம் போய், சுரண்டிய இடத்தில் தெரிந்த கரியைத் தொட்டாள். மெல்ல மெல்லச் சொன்னாள். போன வருடம் ஒருநாள் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்த் துணி மடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். இறங்கி வந்தால் வீடெல்லாம் புகை. அவர் வெளியே போயிருந்தார். வருவதற்குள் துடைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, கருகிய சட்டியைக் குப்பையில் புதைத்து, ஒன்றும் நடக்காத மாதிரி இருந்துவிட்டாள். சுவரில் ஈரம் இறங்குகிறது என்று மறுவாரம் அவரே அங்கே வண்ணம் பூசினார். அவள் தலையாட்டினாள். அவர் தெரிந்துகொண்டதாகக் காட்டவில்லை. அவளும் மறதியைப் பற்றி வாய் திறக்கவில்லை. நடக்கப்போன இடத்தில் அவர் விழுந்து இறந்த அன்றும், கிளம்புவதற்கு முன் அந்தச் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

"அப்ப தினமும் வாசல்ல உக்காந்தது..." என்று தொடங்கினாள்.

பிறகு, படுக்கையறைக்குப் போய் அந்தச் சுவிட்சை அணைத்துவிட்டு வரும்படி மெக்கானிக்கிடம் சொன்னாள். அணைத்துவிட்டுத் திரும்பியபோது அந்த அம்மா மகளோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். குரல் நிதானமாக இருந்தது.

"அழாதடி. எனக்கு மறந்து போகுது. ரொம்ப நாளாவே. உங்கப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கு, நீயும் தெரிஞ்சுக்கோ. வா."

மகள் வந்து சேர்ந்தாள். அந்த வாரமே மெக்கானிக்கை மறுபடி கூப்பிட்டார்கள். அவர் வெட்டிய கம்பியை அவள் மீண்டும் இணைத்து, கொஞ்ச நேரம் போனால் அடுப்பு தானாகவே அணைந்துவிடும்படி ஒரு கருவியைச் சமையலறையிலேயே, எல்லோர் கண்ணிலும் படும்படி, பொருத்தினாள். அலமாரியில் சட்டைகள் இல்லை. எங்கே என்று அவள் கேட்கவில்லை.

வேலை முடிந்ததும் அந்த அம்மாவே தேநீர் போட்டாள். மகள் பின்னால் நின்றாள், கை நீட்டவில்லை. தேநீர் கொதிக்கக் கொதிக்க வந்தது. மெக்கானிக் ஒரு வாய் குடித்தாள். மகளும் குடித்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, நன்றாக இருக்கிறது என்றார்கள்.

கடைசியாக அந்த அம்மா தன் கோப்பையை எடுத்து வாயில் வைத்தாள். கீழே வைத்தாள்.

"சர்க்கரையே போடல நான்" என்றாள். "இனிமே எங்கிட்ட சொல்லிடுங்க."