விசில் கேட்கும் வரை

மலை ஏற வேண்டும் என்று அவள் வரவில்லை. மலை எங்கே ஓடிவிடப் போகிறது? புருஷனோடு ஒரு நாள் பேசிக்கொண்டே நடக்கலாம் என்றுதான் வந்தாள். மகள் படிக்கப் போய் விடுதியில் சேர்ந்ததிலிருந்து, வீட்டில் இரண்டு பேர் இருந்தும் டி.வி. மட்டும்தான் வாயைத் திறந்தது. அப்படிப் பேச்சே இல்லாமல் இருந்தவர் ஒரு நாள் சாப்பிடும்போது தானாகவே கேட்டார்.

"இந்தத் தடவை நீயும் வாயேன். நான்தான் கடைசி ஆள். உன்கூடவே நடந்து வரேன்."

கடைசி ஆள் என்பது அவருடைய நடைக் குழுவில் ஒரு பதவி. கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு, கூட்டத்திலேயே மெதுவாக நடப்பவருக்குப் பின்னால் வர வேண்டும். முன்னால் போகிறவர்கள் நிழல் கண்ட இடத்தில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். விசில் சத்தம் கேட்டால் எல்லோரும் வந்து சேர்ந்தாயிற்று என்று அர்த்தம், அடுத்த இடத்துக்குக் கிளம்பலாம். கேட்காமல் ஒருவரும் நகரக் கூடாது. குழுவை நடத்தும் பல் டாக்டர் போட்ட சட்டம் இது. ஒருமுறை யாரையோ மலையிலேயே மறந்து வைத்துவிட்டு வேனில் பாதி தூரம் போய்விட்டார்களாம்.

அவள் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள். அங்கே நாற்காலி கிடையாது, உட்கார்ந்து பில் போட்டால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவாம். நின்று நின்று முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. இருந்தாலும் புது ஷூ வாங்கி, வேலை முடிந்து வந்து மொட்டை மாடியில் சுற்றிச் சுற்றி நடந்து பழகினாள். பக்கத்து வீட்டுக்காரி, "என்ன, ஓட்டப்பந்தயத்துக்குப் பேர் குடுத்திருக்கியா?" என்று கிண்டல் அடித்ததைக்கூட ரசித்தாள்.

காலையில் மலையடிவாரத்தில் பல் டாக்டர் விசிலை அவள் புருஷன் கழுத்தில் மாட்டியதைப் பார்த்தாள். மனசு குளிர்ந்துபோனது. முதல் திருப்பத்தில் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது அவரைக் காணோம். விசில், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவரின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"சாருக்கு முன்னாடி போறவங்களோட ஏதோ பேசணுமாம்மா. என்னைப் பார்த்துக்கச் சொன்னாரு."

"அதுக்கென்ன" என்று சிரித்துவைத்தாள். வேறென்ன செய்வது, ஊர்க்காரர்கள் முன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவா முடியும்?

வெயில் ஏற ஏறப் பாறை கொதித்தது. முதல் நிழலில் எல்லோரும் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள், அவள் புருஷன் என்னவோ சொல்ல எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வீட்டில் அவர் இப்படிச் சிரிக்க வைத்து எத்தனை காலம்! அவள் போய்ச் சேர்ந்தாள். கண்டக்டர் விசிலை ஊதினார். எல்லோரும் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். "வந்துட்டியா? சூப்பர்!" என்று அவள் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு அவரும் கிளம்பிவிட்டார்.

அடுத்த நிழலிலும் இதே கதைதான். உட்கார்ந்து களைப்பாறியவர்கள் அவள் வந்ததும் எழுந்து போனார்கள், களைத்து வந்தவளுக்கு உட்கார நேரமில்லை. இதில் யாருக்கும் தப்பே தெரியவில்லை. அவளுக்காகத்தானே காத்திருந்தார்கள், எவ்வளவு நல்லவர்கள்!

உச்சிக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது குழுப் படம் எடுத்து முடித்து, செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு தடவை எடுக்கலாம் என்று பல் டாக்டர் சொல்லத்தான் செய்தார். "பரவால்ல சார், அவளுக்குப் போட்டோன்னாலே பிடிக்காது" என்று புருஷன் முந்திக்கொண்டார். அவளுக்குப் பிடிக்காது என்று அவளுக்கே அப்போதுதான் தெரியும்.

மலையின் மறுபக்கம் இறங்கினால் அருவி, அதற்கும் கீழே வேன். இறக்கத்தில் முழங்கால் உயிரை எடுத்தது. அருவிச் சத்தத்துக்கு நடுவே அவருடைய சிரிப்பு தனியாகக் கேட்டது. இன்னும் ஒரே ஒரு திருப்பம்தான் பாக்கி. வந்து சேர்ந்த மாதிரிதான் என்று கண்டக்டர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார்.

"ஊதாதீங்க" என்றாள்.

"ஏம்மா?"

"கொஞ்சம் உட்கார்றேன். விசில் கேட்கலைன்னா தேடிக்கிட்டு வருவாருல்ல? வரட்டும்."

கண்டக்டரும் ஒரு கல்லில் உட்கார்ந்தார். அவள் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில், கடை வாசலில் காத்திருந்து, இவள் வேலை முடிந்து வெளியே வர நேரமானால் பதறியடித்துக்கொண்டு உள்ளேயே வந்துவிடுகிற மனிதர். அந்த மனிதருக்காகத்தான் உட்கார்ந்திருந்தாள். கீழே சிரிப்பு நின்றது. யாரோ, "என்ன ஆச்சு, இன்னும் காணோம்?" என்றார்கள். கல் உருளும் சத்தம் கேட்டது. அவரேதான், தலையெல்லாம் சொட்டச் சொட்ட, வேகமாக ஏறி வந்தார். அவள் எழுந்து நின்றாள்.

"என்ன சார், விசில் அடிக்க மறந்துட்டீங்களா?" என்றார் அவர், கண்டக்டரைப் பார்த்து. "அங்க எல்லாரும் ஈரத் துணியோட நின்னுக்கிட்டிருக்காங்க."

கண்டக்டர் வாயைத் திறப்பதற்குள் அவர் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி, சட்டையில் துடைத்து, நீளமாக ஒரு ஊது ஊதினார். கண்டக்டர் கையிலேயே அதைத் திணித்தார். பிறகுதான் அவளைப் பார்த்தார்.

"மெதுவாவே வா. அவசரமில்ல."

திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

அவளும் கண்டக்டரும் அருவிக்கு வந்தபோது அங்கே ஒரு ஈ காக்கை இல்லை. பாறையில் ஈரக் காலடிகள் காய்ந்துகொண்டிருந்தன. அவள் கண்டக்டரிடம் கையை நீட்டினாள். என்ன நினைத்தாரோ, விசிலைக் கொடுத்துவிட்டார். அவள் அதைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

"விசில் கேட்காம வேனை எடுக்க மாட்டாங்கம்மா" என்றார் அவர் தயக்கத்தோடு. "சார் மறுபடியும் ஏறி வருவாரு."

"வருவாரு" என்றாள். "விசிலுக்காக வருவாரு."

ஷூவைக் கழற்றிவிட்டு, காலைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்தாள்.