நக்சோஸ் தீவில் ஓர் அறை

பொன்னம்பலம் இனி எழுந்து நடக்கப்போவதில்லை என்பதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. யாரும் விதிக்காத விதி அது, மீறியவரும் இல்லை. பிரெஞ்சுத் தலைநகரின் லாச்சப்பல் பகுதியில் அந்த நான்காம் மாடிக்கு ஏறி வருகிறவர்கள் கதவருகே ஒரு கணம் நின்று, முகத்தைச் சரிசெய்துகொண்டு, பிறகே மணியை அழுத்தினார்கள். உள்ளே வந்ததும் நோயைப் பற்றிக் கேட்காமல் அவர் விடுமுறைக்குப் போகவிருக்கும் கிரேக்கத் தீவைப் பற்றிக் கேட்டார்கள்.

அன்று காலை நிரோஜினி தந்தையின் தோளுக்கடியில் கைகொடுத்து அவரை இடப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தபோது, தவரத்தினமும் அதையே கேட்டார். பொன்னம்பலத்தின் மரக்கறிக் கடைக்கு எதிரே கைபேசி திருத்துகிறவர் அவர்.

“அங்கை ஆரின்ரை வீட்டிலை நிக்கப்போறியள், அண்ணை?”

“ஹோட்டல்,” என்றார் பொன்னம்பலம், கண்ணைத் திறக்காமலே.

“ஹோட்டலிலையோ! சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லாத ஊருக்கு விடுமுறை போற முதல் யாழ்ப்பாணத்தான் நீங்கள்தான். லண்டன் தங்கச்சி கேள்விப்பட்டா உங்களோடை கதைக்கமாட்டா.”

“அதுக்குத்தானே போறது.”

தவரத்தினம் தேவைக்கு மேலாகவே சிரித்தார். ஆயினும் அவர் சொன்னதில் பொய்யில்லை. முப்பது ஆண்டுகளில் பொன்னம்பலமும் மனைவி கோசலையும் போன விடுமுறைகளெல்லாம் லண்டனில் தங்கையின் வரவேற்பறையிலோ, ரொறன்ரோவில் மைத்துனரின் நிலவறையிலோதான் கழிந்தன. அங்கும் கோசலைதான் சமைத்தார்.

“அக்காவுக்குக் கறிவேப்பிலை இல்லாத ஊரிலை சோறு இறங்குமோ?”

“நான் கட்டிக்கொண்டு போவன்,” என்றார் கோசலை, குசினி அடுப்பருகிலிருந்து. “நீர் உம்மடை கடையைப் போய்த் திறவும். சனம் உடைஞ்ச போனோடை வாசல்லை நிக்கும்.”

தவரத்தினம் விடைபெற்றார். படிகளில் அவர் உடனே இறங்கவில்லை என்பது நிரோஜினிக்குக் கேட்டது. கதவுக்கு வெளியே யாரோ மூக்கைச் சிந்தினார்கள். பிறகே காலடிகள் கீழிறங்கின.

தீவுப் பயணம் நிரோஜினி உண்டாக்கிய ஒன்று. பத்து வயதிலிருந்தே அவள்தான் பெற்றோருக்கு வாய். பொலிஸ் தலைமையகம், பள்ளிக்கூடம், வரி அலுவலகம் என எங்கும் இரண்டு பெரியவர்களுக்கு நடுவே நாற்காலியின் விளிம்பில் அமர்ந்து, அந்தப் பக்கத்துப் பிரெஞ்சை இந்தப் பக்கம் தமிழாக்கிக் கொடுத்துவந்தாள். பெப்ரவரியில் மருத்துவமனையிலும் அப்படியே அமர்ந்தாள். இப்போது அவளுக்கு முப்பது வயதாகப்போகிறது. அந்த நாற்காலியில் மட்டும் வயது ஏறுவதில்லை. மருத்துவர் மெதுவாக, நேர்மையாகப் பேசினார்: இன்னும் சில மாதங்கள்தான், தள்ளிப்போட்டது ஏதாவது இருந்தால் இப்போதே செய்துவிடுங்கள். பெற்றோரின் இரண்டு முகங்களும் அவளைப் பார்த்தன. அவள் சொன்னாள்:

“கொஞ்ச மாசம் வைத்தியம் இருக்காம். பிறகு வெயில் உள்ள இடமாப் பாத்துப் போய் நிண்டிட்டு வரட்டாம்.”

“எங்கை போகட்டாம்?” என்று கேட்டார் கோசலை.

அன்று காலை மெத்ரோ நிலையச் சுவரில் கண்ட விளம்பரம் நினைவுக்கு வந்தது. “கிறீசுக்கு. ஒரு தீவுக்கு.”

அத்தனை நீளமான பேச்சுக்கு இத்தனை சிறிய மொழிபெயர்ப்பா என்று மருத்துவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லாவிட்டாலும் மகளின் முகத்திலிருந்தே அம்மா உண்மையைப் படித்திருப்பார் என்று நிரோஜினி நம்பினாள். அதன்பின் மாலைகளில் மூவரும் மடிக்கணினியின் முன்னால் அமர்ந்து தீவு பார்த்தார்கள். நக்சோஸ் என்று முடிவாயிற்று. கப்பல் ஆட்டத்தில் வயிற்றைப் பிரட்டிச் சத்தி வருமா என்று கோசலை கேட்டார். ஆவணியில் பிள்ளையார் தேர் முடிந்து வியாபாரம் படுத்த பிறகுதான் புறப்படலாம் என்று பொன்னம்பலம் நிபந்தனை வைத்தார். இருவரும் இவ்வளவு நன்றாக நடிக்கிறார்களே என்று அவள் இரவில் வியந்தாள். வியப்புக்குப் பின் வந்த தனிமையை அவளால் யாரோடும் பகிர முடியவில்லை. ஒரே வீட்டில் மூன்று பேரும் தனித்தனியே துக்கப்படுவதாக அவள் எண்ணியிருந்தாள்.

மத்தியானத்துக்குச் சற்றுமுன் தாதி மனோன் வந்தாள். மருந்துப் பம்பைச் சரிபார்த்தாள். போர்வையை விலக்கிப் பாதங்களைத் தொட்டுப் பார்த்தாள். நீலம் பாய்ந்த அந்த நிறத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு நிரோஜினியை நடைவழிக்கு அழைத்து, தொங்கும் மேலங்கிகளுக்கு நடுவே தாழ்ந்த குரலில் பிரெஞ்சில் சொன்னாள்:

“இன்றைக்கு என்று நினைக்கிறேன். மாலைவரை போகாது. யாரும் வெளியே போக வேண்டாம். உங்கள் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.”

மனோன் போனதும் குசினியிலிருந்து கோசலையின் குரல் வந்தது. “என்னவாம் அந்தப் பிள்ளை?”

“மருந்தைக் கூட்டியிருக்காம். நித்திரை வருமாம்.”

“நல்லது. நித்திரை கொண்டாத்தானே உடம்பு தேறும்.”

நிரோஜினி கட்டிலருகே வந்து அமர்ந்தாள். யன்னலுக்கு வெளியே வடக்கு நிலையத்துக்குப் போகும் ரயில் ஒன்று வேகம் குறைந்தது. பொன்னம்பலத்தின் உதடுகள் அசைந்தன. அவள் குனிந்தாள்.

“கொம்மாவுக்கு நீந்தத் தெரியாது.” ஒரு மூச்சு போய், நெடுநேரம் கழித்து அடுத்தது வந்தது. “அங்கை... தனியக் கடலுக்கை விடாதை.”

அம்மாவைத் தனியே விடமாட்டேன் என்று அவள் தலையாட்டினாள். அவர் தனக்கெனத் தீவில் இடம் வைத்திருக்கவில்லை என்பதும், எப்போதுமே வைத்திருக்கவில்லை என்பதும் அவளுக்கு விளங்கியது. முப்பது ஆண்டுகள் வெள்ளைக்காரருக்கு வெண்டிக்காய் விற்றவருக்கு மருத்துவரின் பிரெஞ்சு விளங்காமற்போயிருக்குமா?

கோசலை வெளியே போகும் சேலையோடு வந்தார். தோளில் கைப்பை. கையில் ஒரு தையல் நூல்.

“தலையைக் கொஞ்சம் பிடி, பிள்ளை.”

“என்னத்துக்கு?”

“தொப்பிக்கு அளவெடுக்க. இண்டைக்கு மலிவு சோல்ட் துவங்குது. பார்பெஸ் கடைவழிய வெயில் தொப்பியெல்லாம் அரை விலையாம்.”

தூங்கும் கணவரின் நெற்றியைச் சுற்றி நூலை மெல்லக் கொண்டுவந்தார். இரு முனைகளும் சேர்ந்த இடத்தை நகத்தால் பிடித்துக்கொண்டு யோசித்தார். பின்னர் அந்த இடத்துக்கு அப்பால், ஒரு விரலகலம் தள்ளி, முடிச்சுப் போட்டார்.

“இப்ப மெலிஞ்சுபோய் இருக்கிறார். தேருக்கு முன்னம் பழையபடி வந்திடுவார். இந்த அளவுக்கு வாங்கினா அப்ப இறுக்கும்.”

நிரோஜினி தாயின் முகத்தைப் பார்த்தாள். நடிப்பின் தடயம் ஏதாவது, இமையிலோ உதட்டோரத்திலோ, இருக்குமென்று தேடினாள். இல்லை. நடிக்கிறவர் ஒருவர் அந்த விரலகலத்தை விட்டிருக்கமாட்டார்.

“நாளைக்குப் போவம், அம்மா. நானும் வாறன்.”

“நாளைக்கு நல்லதெல்லாம் முடிஞ்சிடும்.”

“மழை வரும்போலை கிடக்கு.”

“ஒரு மெத்ரோ தரிப்புத்தான். ஒரு மணித்தியாலத்திலை வந்திடுவன். உனக்கும் ஒரு சோடி செருப்பு வாங்கட்டே? உன்ரை காலுக்குக் கடல்மண் சுடும்.”

கட்டிலில் ஒரு மூச்சு நின்றது. நிரோஜினி காத்திருந்தாள். அது வேறொரு ஒலியோடு, ஆழத்திலிருந்து, மீண்டும் வந்தது. கோசலை அதற்குள் நடைவழிக்குப் போயிருந்தார். ஓரத்துப் பலகையில் அமர்ந்து வலது காலில் சப்பாத்தைப் போட்டு, வாரை இழுத்துப் பூட்டினார். இன்னும் ஒரு பொய் போதும், அவரை நிறுத்திவிடலாம். தலைசுற்றுகிறது என்று சொல்லலாம். யாரோ பார்க்க வருகிறார்கள் என்று சொல்லலாம். ஆனால் மாலையில், எல்லாம் முடிந்த பிறகு, அந்தப் பொய்யையும் வைத்துக்கொண்டு அம்மாவின் முன்னால் எப்படி நிற்பது? அவருக்குக் கணவனோடு இருக்கும் கடைசி மணித்தியாலங்கள், அவை கடைசி என்று தெரியாமலே கழிந்துபோயிருக்கும்.

வெளியே கிடந்த மற்றச் சப்பாத்தை எடுக்க அவர் கதவைத் திறக்கும் ஓசை கேட்டது.

“அம்மா,” என்றாள் நிரோஜினி. தந்தையின் தலைமாட்டிலிருந்தே, அவருக்கும் கேட்கும்படியாக, தாழ்த்தாத குரலில் சொன்னாள். “மனோன் மருந்தைப் பற்றிச் சொல்லேல்லை. அப்பா இண்டைக்குச் செத்துப்போவாராம். பின்னேரம் தாண்டமாட்டாராம். உங்களை எங்கையும் போகவேண்டாமாம். பெப்ரவரியிலை டொக்டர் சொன்னதும் இதுதான். நான்தான் மாத்திச் சொன்னனான்.”

கோசலை அவளைப் பார்க்கவில்லை. மகளைத் தாண்டிக் கட்டிலைப் பார்த்தார்.

“இஞ்சேருங்கோ,” என்றார். “உங்களுக்கும் தெரியுமே?”

பொன்னம்பலம் கண்ணைத் திறந்தார். போர்வையின் மேல் கிடந்த கையைச் சற்று உள்ளே இழுத்து, கட்டிலின் ஓரத்தில் ஒருவர் அமரும் அளவுக்கு இடம்விட்டார்.

கோசலை திறந்த கதவின் பிடியை விடாமல், ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு, அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.