ஒன்பது மாலைத் தாள்கள்

மார்ச் 9, திங்கள். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். காலைச் சோதனை முடிந்ததும் வடிதாள் வைக்கும் வட்ட மூடியைக் கை நழுவவிட்டேன். சிமெண்டுத் தரையில் விழுந்து உள்விளிம்பில் ஓரிடத்தில் நகத்துணுக்கு அளவு பிசிறு விழுந்துவிட்டது. தண்ணீர் ஒழுகவில்லை. சோதனையும் சரியாகத்தான் வருகிறது. ஆனால் இனி எடுக்கும் ஒவ்வொரு தாளிலும் கறை வட்டத்தின் ஓரத்தில் ஒரு சின்னப் பல் பதியும். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

இதை எழுதும்போது அவள் மாலை வகுப்பின் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஆசிரியர் வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அந்தப் பத்து நிமிடம்தான் அவளுடைய நாட்குறிப்பு நேரம். எழுதியதைத் திரும்பப் படித்து, நிச்சயமில்லாத வாக்கியத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவைப்பாள். சில பக்கங்களில் வாக்கியங்களைவிடக் கேள்விக்குறிகள் அதிகம். அன்றைய கடைசி வாக்கியத்துக்கு மட்டும் அவள் எதுவும் போடவில்லை.

மருந்துக் கம்பெனியின் பின்புறம் இருந்த தண்ணீர்க் கூடத்தில் அவள் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஏரித் தண்ணீர் முதலில் மணல் வடிகட்டியில் இறங்கும். அங்கிருந்து, சுவரோரம் படுத்திருக்கும் ஆறு வெள்ளைக் குழாய்களுக்குள் பம்பு அதை அழுத்தித் தள்ளும். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் பாய்போலச் சுருட்டிவைத்த மெல்லிய சவ்வு. உப்பையும் கண்ணுக்குத் தெரியாத மற்றவற்றையும் வாசலிலேயே நிறுத்திவிட்டு நல்ல தண்ணீரை மட்டும் உள்ளே விடும். சவ்வு அடைத்துக்கொண்டால் பம்புக்கு மூச்சுவாங்கும், அழுத்தமானியின் முள் ஏறும், மருந்து கலக்கும் பகுதியிலிருந்து தண்ணீர் எங்கே என்று போன் வரும். அடைக்கப்போகிறதா என்பதை முன்கூட்டியே பார்ப்பது அவள் வேலை. வடிகட்டியிலிருந்து வரும் தண்ணீரை உள்ளங்கையில் அடங்கும் வட்ட வடிதாள் வழியே விட்டு, அரை லிட்டர் நிரம்ப எத்தனை வினாடி என்று குறிப்பாள். கால் மணி நேரம் ஓடவிட்டு மறுபடி அரை லிட்டர் பிடிப்பாள். நேரம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு அழுக்கு. பிறகு தாளைக் காயவைத்துத் தேதி போட்டுப் பதிவேட்டில் ஒட்ட வேண்டும். எண்ணில் கைவைக்கலாம், கறையில் கைவைக்க முடியாது என்று யாரோ எப்போதோ கொண்டுவந்த ஏற்பாடு. காலையும் மாலையும் அவள் சோதனை. மதியம் ஆபரேட்டருடையது.

ஆபரேட்டரை எல்லோரும் வைத்தியர் என்றுதான் கூப்பிட்டார்கள். குழாயை ஸ்பேனரால் தட்டி, காதை ஒட்டவைத்து, இவனுக்குச் சளி, அவனுக்கு வாயு என்று சொல்லுவார். பன்னிரண்டு வருடமாக அங்கே இருப்பவர். காலையில் அவள் உள்ளே நுழைந்ததும் பம்பைப் பார்த்து, "வந்தாச்சுப்பா, நமக்குன்னு வந்த சோதனை" என்பார். அவளுக்கு அவர் அண்ணா.

மாலை வகுப்பு பிப்ரவரி பதினாறில் தொடங்கியது. தண்ணீர்ச் சுத்திகரிப்பில் டிப்ளமா. திங்கள், புதன், வெள்ளி ஐந்தரைக்கு. வேலை முடிவதும் ஐந்தரைக்குத்தான். சேரவா வேண்டாமா என்று அவள் ஒரு வாரம் குழம்பியபோது வழி சொன்னவர் வைத்தியர். நாலு ஐம்பதுக்குக் கிளம்பிவிடு, மாலைச் சோதனையை நான் பார்த்துக்கொள்கிறேன், உன் இனிஷியல் போட எனக்குத் தெரியாதா என்றார். ஐந்து மணிக்கு மணல் வடிகட்டியைக் கழுவும்போது வெளியே ஒரு வால்வைத் திறந்து பிடித்திருக்க வேண்டும். அது கையை எடுத்தால் தானாகத் திரும்பிக்கொள்ளும் பழைய வால்வு. மற்ற நாள்களில் அவள்தான் பிடிப்பாள். அதற்கு வாட்ச்மேனைக் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொன்னார். மேனேஜருக்குத் தெரிய வேண்டியதில்லை என்று இருவரும் பேசிக்கொள்ளாமலேயே முடிவானது.

வகுப்பு நாள்களின் எண்களை வைத்தியர் அன்றன்றே எழுதிவிடுவார். தாள் ஒட்ட வேண்டிய இடம் மட்டும் காலியாக இருக்கும். கேட்டால், "காயுதும்மா" என்பார். மார்ச் பத்தாம் தேதி, போன சனிக்கிழமை வரைக்குமான பதிவேட்டை அனுப்பும்படி மேனேஜர் சொல்லிவிட, பதினொன்றாம் தேதி காலை அவள் வந்து பார்த்தபோது அதுவரை காலியாக இருந்த ஒன்பது இடங்களிலும் தாள்கள் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. அன்றைய நாட்குறிப்பில், 'அண்ணா எல்லாவற்றையும் ஒட்டிவிட்டார். எவ்வளவு நல்ல மனிதர்' என்று எழுதினாள்.

மறுநாள் மேனேஜர் அவளை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். மூன்று வாரமாக முள் ஏறிக்கொண்டே போகிறது. கார மருந்து விட்டுக் கழுவினால் இரண்டு நாள் இறங்கி மறுபடி ஏறுகிறது. சவ்வு மாற்றி எட்டு மாதம்கூட ஆகவில்லை, தலைமை அலுவலகத்தில் காரணம் கேட்கிறார்கள், இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை முதல் குழாயின் சவ்வை வெளியே எடுத்து அறுத்துப் பார்க்கப்போகிறார்கள். இவ்வளவையும் வேகமாகச் சொல்லிவிட்டுக் குரலை இறக்கினார்.

"பழைய ஆளுக்கு எதுலயும் ஒரு அலட்சியம் வந்துடும். நீ படிக்கிற பொண்ணு. கொஞ்சம் கண்ணு வெச்சுக்கோ. உன்னை நிரந்தரம் பண்ற பேப்பரும் மாசக் கடைசியில என் மேஜைக்குத்தான் வருது."

படிக்கிற பொண்ணு என்றாரே, வகுப்பு விஷயம் தெரிந்து சொன்னாரா, சும்மா சொன்னாரா? இரண்டுக்கும் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

கண் வைத்துக்கொள் என்று ஒருவர் சொல்லிவிட்ட பிறகு கண் சும்மா இருப்பதில்லை. மருந்துக் கேனின் பெயர்ச்சீட்டு ஏன் சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது? போன் வந்தால் வைத்தியர் ஏன் வெளியே போய்ப் பேசுகிறார்? ஐந்து மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்த அதே மனிதர். துணியால் கையைத் துடைக்கும் விதத்தில்கூட அவளுக்கு ஏதோ உறுத்தியது. அவர் வழக்கம்போல, "சோதனை, டீ குடிச்சியா?" என்று கேட்டபோது, குடித்தேன் என்று பொய் சொன்னாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

பதினாறாம் தேதி வகுப்பில் சவ்வு அடைப்பைப் பற்றித்தான் பாடம். ஆசிரியர் கரும்பலகையில் குழாய்களை வரிசையாக வரைந்தார். சேறும் பாசியும் முதல் குழாயின் வாயிலேயே உட்காரும், உப்புப் படிவு கடைசிக் குழாயின் வாலில் உட்காரும், அழுக்கு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தாலே எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம் என்றார். மணல் வடிகட்டியைக் கழுவியபின் வரும் முதல் தண்ணீரில் கிளறிவிட்ட சேறெல்லாம் இருக்கும், அதைப் பத்து நிமிடம் வடிகாலில் விட்டுவிட வேண்டும், சவ்வுக்குக் காட்டவே கூடாது என்றார். எழுதிக்கொண்டிருந்த அவள் பேனா நின்றது. செவ்வாயும் வியாழனும் வெளியே நின்று, ஏதோ எடுபிடி வேலை என்று நினைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாளே, அந்த வால்வு இதற்குத்தானா?

மறுநாள் மதியம் வரைபடத்தாளில் ஒரு மாத அழுத்தத்தைப் புள்ளி புள்ளியாகக் குறித்தாள். சரிவாக ஏறும் என்று எதிர்பார்த்த கோடு படிக்கட்டாக வந்தது. செவ்வாய்க் காலை ஒரு படி, வியாழன் காலை ஒரு படி, சனிக்கிழமைக் காலை ஒரு படி. அவள் இல்லாத மாலைகளுக்கு மறுநாள் ஒவ்வொன்றும்.

பதிவேட்டை ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பக்கங்களை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். மார்ச் ஆறு, மாலை. இளமஞ்சள் கறை. அதன் ஓரத்தில் ஒரு சின்னப் பல். மார்ச் நான்கு, பல். இரண்டு, பல். பிப்ரவரிக்குத் திருப்பினாள். இருபத்தேழு, இருபத்தைந்து, இருபத்துமூன்று, இருபது, பதினெட்டு, பதினாறு. மூடி கீழே விழுந்தது மார்ச் ஒன்பதில். அதற்கு மூன்று வாரம் முந்தைய தாளில் அந்தப் பல் எப்படி வரும்? ஒன்பதும் ஒரே நாளில், ஒரே அமர்வில் எடுத்தவை. காலைத் தாள்களிலும் வைத்தியர் கையெழுத்திட்ட மதியத் தாள்களிலும் ஒன்பதாம் தேதிக்கு முன் பல் எதுவும் இல்லை. பொய்த் தாள்கள் இருந்தது மாலை வரிசையில் மட்டும். அந்த வரிசை முழுக்க இருந்தது அவளுடைய இனிஷியல்.

இதை மேனேஜரிடம் காட்டினால் முதல் கேள்வி, மூடி எப்போது உடைந்தது? இரண்டாவது, இந்த மாலைகளில் நீ எங்கே இருந்தாய்?

வீட்டில் அக்கா துணி மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். அந்த ஆள் உனக்கு நல்லது செய்தாரா, குழி வெட்டினாரா என்று நேராக அவரிடமே கேட்டுவிட வேண்டியதுதானே என்றாள். இன்னும் சரியாகத் தெரியவில்லை, தெரிந்த பிறகு கேட்கிறேன் என்றாள் இவள். அக்கா ஒரு சட்டையை உதறிக் கையில் வைத்துக்கொண்டு தங்கையைப் பார்த்தாள்.

"டைரிகிட்ட மட்டும் உண்மை பேசுற ஆளுடி நீ."

புதன்கிழமை நாலு ஐம்பதுக்கு வழக்கம்போல வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். கேட்டைத் தாண்டவில்லை. பெட்டிகள் அடுக்கிய கொட்டகையைச் சுற்றிக்கொண்டு தண்ணீர்க் கூடத்தின் பின்சுவருக்கு வந்து, கால்வாயோரம் அந்த வால்வுக்குப் பக்கத்தில் நின்றாள். ஐந்துக்குக் கழுவுகிற தண்ணீர் பெரிய குழாயில் பாய்ந்து வந்தது. குழம்பிய பழுப்பு நிறம், நனைந்த மண் வாடை. மெல்ல மெல்ல வெளுத்து, நின்றது. இனி வாட்ச்மேன் வர வேண்டும். வந்து வால்வைத் திருப்பினால் சின்னக் குழாயில் பத்து நிமிடம் தண்ணீர் ஓட வேண்டும். யாரும் வரவில்லை. உள்ளே பம்பின் ஒலி மாறியது, பாரம் ஏறிய வண்டி மேட்டில் இழுக்கிற மாதிரி. சின்னக் குழாயின் வாய் உலர்ந்து கிடந்தது. ஒரு எறும்பு வரிசை அதற்குள் போவதும் வருவதுமாக இருந்தது. அவள் எதையோ கையும் களவுமாகப் பிடிக்க வந்திருந்தாள். எதுவுமே நடக்காததுதான் அங்கே நடந்துகொண்டிருந்தது.

வியாழக்கிழமை மதியம் வைத்தியர் சாப்பிட்டு முடித்து டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருக்கும்போது பதிவேட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இந்த ஒம்பது தாளும் எப்ப எடுத்ததுண்ணா?"

அவர் டப்பாவைக் கவிழ்த்து வைத்தார். கையைத் துடைத்தார். பக்கத்தைப் பார்க்கவில்லை.

"சார் கேக்கச் சொன்னாரா?"

"இல்லை. நானேதான் கேக்கறேன்."

மெதுவாகச் சொன்னார். முதல் இரண்டு நாள் வாட்ச்மேன் வந்தான், அப்புறம் கேட்டை விட்டு வரக் கூடாது என்று உத்தரவாம், வரவில்லை. வெளியே வால்வைப் பிடித்துக்கொண்டு, உள்ளே தண்ணீர் தெளிந்ததா என்று பார்க்க ஒரே ஆளால் முடியாது. ஒரு நாள்தானே என்று நேராகச் சவ்வுக்குத் திருப்பிவிட்டார். அன்றைக்கு எடுத்த தாள் காபித்தூள் கொட்டின மாதிரி வந்தது. அதற்கு முந்தைய இரண்டு நல்ல தாள்களோடு சேர்த்து அதையும் தூக்கிப் போட்டுவிட்டார். அப்புறம் எண்களை மட்டும் எழுதினார். பத்தாம் தேதி பதிவேடு கேட்டபோது மதியத்துத் தெளிந்த தண்ணீரில் ஒன்பது தாள் எடுத்து ஒட்டினார்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ கிளாஸை விட்டிருப்பே." கை துடைத்த துணியை மடித்துவிட்டு, "உன் பேர்ல இருந்தா யாரும் நோண்ட மாட்டாங்கன்னு நெனச்சேன்ம்மா. புதுசா வந்த பொண்ணு, ஒழுங்கா வேலை செய்யுதுன்னு விட்டுடுவாங்க" என்றார்.

அதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு பக்கம் அவளைக் காப்பாற்றியதாகத் தெரிந்தது. மறுபக்கம், அடி விழுந்தால் அவள் மேல் விழட்டும் என்று ஏற்பாடு செய்ததாகத் தெரிந்தது. நல்ல தாள் இரண்டை எதற்காகத் தூக்கிப் போட வேண்டும்? அவர் முகம் எப்போதும்போலத்தான் இருந்தது, கொஞ்சம் களைத்து.

"மூடியில ஒரு எடத்துல பிசிறு இருக்கே, நீ போட்டு ஒடைச்சதுதானே?" என்றார் திடீரென்று. "நானும் சார்கிட்ட சொல்லலை."

அவள் பதிவேட்டை மூடினாள். "அது உங்களுக்கு எப்பத் தெரியும்? தாள் ஒட்டறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

பம்பு ஓடிக்கொண்டிருந்தது. வைத்தியர் டிபன் டப்பாவின் மூடியை எடுத்து, காய்ந்துவிட்டதா என்று பார்த்து, பொருத்தி அழுத்தினார்.

"ஞாபகம் இல்லைம்மா." அப்புறம், "நாளைக்கு அறுக்கறப்போ முதல் கொழாய்ல சேறுதான் இருக்கும். சார் கேட்டா என்ன சொல்லப்போறே?" என்றார்.

அவள் பதிவேட்டை எடுத்துக்கொண்டுபோய் அலமாரியில் வைத்தாள்.

அன்று வகுப்பு இல்லை. ஐந்து மணிக்கு அவள் வெளியே நின்று வால்வைப் பிடித்தாள். தண்ணீர் முதலில் செம்மண் நிறத்தில் வந்து, வெளுத்து, கடைசியில் கால்வாயின் அடியில் கிடந்த செங்கல் துண்டு தெளிவாகத் தெரிந்தது. உள்ளேயிருந்து, "போதும்" என்று குரல் வந்தது. கையில் இரும்பின் தடம் சிவந்திருந்தது.

பேருந்து நிறுத்தத்தில் நாட்குறிப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வைத்தியர் சைக்கிளில் வந்தார். எதிர்ப்பக்கம் ஒரு காலை ஊன்றி நின்று, அவள் எழுதுவதைப் பார்த்தார். கூப்பிடவில்லை. பேருந்து ஒன்று குறுக்கே வந்து நின்று, அவள் ஏறாததால் நகர்ந்தபோது, அவர் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தார். திரும்பும்போதும் தலை இந்தப் பக்கமே இருந்தது.

அவள் எழுதினாள்.

மார்ச் 19, வியாழன். பிசிறு இருப்பது தெரிந்தேதான் அண்ணா அந்தத் தாள்களை என் பெயரில் ஒட்டினாரா, தெரியாமல் ஒட்டினாரா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல எழுதக் கூடாது. நாளை பத்து மணிக்கு முதல் குழாயின் சவ்வை அறுப்பார்கள். அதற்கு முன் ஒன்பது மணிக்குப் பதிவேட்டோடு மேனேஜர் அறைக்குப் போக வேண்டும். மூடியை உடைத்தது நான், மாலைகளில் நாலு ஐம்பதுக்குப் போனதும் நான் என்று முதலில் சொல்ல வேண்டும். மற்றதை அவர் கேட்டால் சொல்ல வேண்டும். ஐந்து மணிக்கு வடிகட்டி கழுவும்போது வால்வைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நாளை வகுப்புக்குப் போகப்போவதில்லை.