இறங்கிப்போன சுருதி

பஸ் ஓட்டுகிறவர்களுக்கு விடுமுறை நாளில் ஸ்டீயரிங்கைத் தொடவே பிடிக்காது. ஆனாலும் டார்லா சோல்ஹைம் அந்தச் செவ்வாய்க்கிழமை சியாட்டிலிலிருந்து ஹோக்வியம் வரை இரண்டரை மணி நேரம் மழையில் தன் பழைய காரை ஓட்டிக்கொண்டு போனாள். பக்கத்து இருக்கையில் ஒரு காகிதமும் ஒரு சி.டி.யும் இருந்தன. இரண்டையும் லைல் கங்காஸிடம் கொடுக்க வேண்டும். அவனும் அவளும் முகம் பார்த்துப் பேசி இருபத்தைந்து வருஷம் ஆகிறது. மன்னிப்புக் கேட்கத்தான் போகிறாள். அவன் கதவைச் சாத்தினாலும் சாத்துவான்.

விஷயம் 1988-இல் நடந்தது. அந்த நாளில் பெரிய பாடகர்கள் ஊர் ஊராகப் போனாலும் கலிஃபோர்னியாவோடு திரும்பிவிடுவார்கள். அதற்கு வடக்கே இருக்கும் இந்த மழைக்காட்டு மூலையை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அதனால் இங்குள்ள பிள்ளைகள் கார் நிறுத்தும் கொட்டகைகளில் உட்கார்ந்து தங்களுக்குத் தாங்களே வாசித்துக்கொண்டார்கள். கேட்க ஆளில்லை என்றால் யாருக்குப் பயப்படுவது? கிட்டார் கரகரத்தால் கரகரக்கட்டும், குரல் பிசிறினால் பிசிறட்டும் என்று விட்டுவிட்டார்கள். அந்தக் கரகரப்பு இசைக்குப் பிற்பாடுதான் கிரஞ்ச் என்று ஒரு பெயர் வந்து ஒட்டிக்கொண்டது.

டார்லாவின் குழுவில் நாலு பேர். லைல் பாடினான். பகலெல்லாம் ஹோக்வியத்தில் கூரைக்கு மர ஓடு அறுக்கும் மில்லில் வேலை, சனிக்கிழமை பாட்டு. ரஸ் கிட்டார், ஹாங்க் டிரம்ஸ், டார்லா பேஸ் கிட்டார். குழுவுக்கு 'ஈர மரத்தூள்' என்று பெயர். லைல் வீட்டுக்கு வரும்போது அவன் சட்டையெல்லாம் அதுதான் ஒட்டியிருக்கும் என்பதால் வைத்த பெயர்.

'மில் சங்கு' என்று ஒரு பாட்டுக் கட்டியிருந்தார்கள். அதை இசைத்தட்டாகப் போட சியாட்டிலில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் மூன்று மணி நேரம் கிடைத்தது. ஹாங்குக்கு ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருந்ததால் நாலு பேரும் சேர்ந்து பழக நேரமில்லை. கொட்டகையில் பதிவு செய்த கேசட்டை டார்லா வீட்டுக்கு எடுத்துப் போய் இரண்டு வாரம் தனியாகப் பழகினாள். அவளுடைய டேப் ரெக்கார்டரில் பேட்டரி உயிரை விட்டுக்கொண்டிருந்தது. கேசட் மெதுவாக, கனமாக ஓடியது. ரஸ்தான் சுருதியை இறக்கிவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்து, அவளும் தந்திகளைத் தளர்த்தி அதோடு பொருத்திக்கொண்டாள்.

ஸ்டூடியோவில் சுருதி பார்க்கும் கருவி யாரிடமும் இல்லை. "என்னோடது கச்சிதமா இருக்கு, என்கிட்ட இருந்து வாங்கிக்கோ" என்று டார்லா நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள். ரஸ் தன் தந்திகளையும் அவளோடு இறக்கினான். அவன் கிட்டார் உறுமியது. ஸ்டூடியோ ஒலிபெருக்கியின் மகிமை என்று எண்ணி மகிழ்ந்துபோனான். பேஸ் எந்த வேகத்தில் போகிறதோ அந்த வேகத்தில் ஹாங்க் தட்டினான். மூன்று மணி நேரத்தில் எல்லாம் முடிந்து, நாலு பேரும் மழையில் நின்று கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

ஐந்நூறு தட்டு வந்த வாரம் ரஸ் அதைப் பழைய கேசட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தான். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை அப்போதுதான் வெளியே வந்தது.

"சேத்துல மாடு நடக்கற மாதிரி இருக்குடி! உன் வீணாப்போன பேட்டரி நம்ம நாலு பேர் பொழப்பையும் தின்னுடுச்சு!" என்று கொட்டகையில் எல்லோர் முன்னாலும் கத்தினான்.

டார்லா லைலைத்தான் பார்த்தாள். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். ரஸ் கத்தியதை அவள் ஒரு மாதத்தில் மறந்துவிட்டாள். லைல் பேசாமல் நின்றதைத்தான் மறக்க முடியவில்லை. அந்த வாரமே குழு கலைந்தது.

மூன்று வருஷம் கழித்து கிரஞ்ச் அலை வந்தது. பெரிய கம்பெனிக்காரர்கள் விமானம் விமானமாக வந்து சியாட்டிலில் இறங்கினார்கள். பழைய துணிக்கடையில் குளிருக்காக வாங்கிப் போட்ட கட்டம்போட்ட சட்டை, நியூயார்க் கடைகளில் கண்ணாடிக்குள்ளே தொங்கியது. டார்லா அதற்குள் பஸ் ஓட்ட வந்துவிட்டாள். தனக்குத் தெரிந்த முகங்கள் சுவரொட்டிகளில் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டே சிக்னலில் நிற்பாள். பொறாமை இல்லை. எங்கள் மழையையும் எங்கள் கொட்டகையையும் உலகம் கேட்கிறதே என்று மனசார நன்றிதான் சொன்னாள். ஆனால் லைல் அந்தச் சுவரில் இருந்திருக்க வேண்டியவன் என்று தோன்றும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்.

போன மாதம் ஒலிம்பியாவிலிருந்து கேட்லின் என்று ஒரு பெண் கூப்பிட்டாள். பழைய தட்டுகளை மறுபடி போடும் சின்னக் கம்பெனி அவளுடையது.

"மேடம், ஸ்போகேன்ல மூணு பொண்ணுங்க சேந்து ஒரு பேண்ட் வச்சிருக்காங்க. உங்க தட்டைக் கேட்டுத்தான் கிட்டாரையே எடுத்தோம்னு சொல்றாங்க. ஜப்பான்ல கூட உங்க சுருதியில தந்தி கட்டறாங்க. எப்படிங்க அந்த இறக்கத்தைக் கண்டுபிடிச்சீங்க?"

"பேட்டரி தீந்துபோச்சும்மா" என்றாள் டார்லா.

முழுக் கதையையும் கேட்ட பிறகு கேட்லின் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "எங்களுக்கு இப்படியே பிடிச்சிருக்கு. ஆனா இது உங்க பாட்டு. தப்புன்னு நீங்க நினைச்சா கம்ப்யூட்டர்ல வேகத்தையும் சுருதியையும் தூக்கிச் சரிபண்ணிடலாம். நாலு பேரும் கையெழுத்துப் போடணும்."

டார்லாவுக்குத் தெய்வமே நேரில் வந்து கேட்டதுபோல இருந்தது. கையெழுத்துக்கான காகிதத்தையும், மாதிரிக்குத் திருத்திய பாட்டை ஒரு சி.டி.யிலும் கேட்லின் அனுப்பிவைத்தாள். அரிசோனாவில் நீச்சல் குளம் கட்டிக்கொண்டிருக்கும் ரஸ், "என்னவோ பண்ணிக்கோங்க" என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினான். அலாஸ்காவுக்கு மீன்பிடிக் கப்பலேறிய ஹாங்கும் அங்கிருந்தே போட்டு அனுப்பினான். மிச்சம் இவளும் லைலும்தான்.

லைல் இப்போது மரம் அறுக்கும் ரம்பங்களைப் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். டார்லா நனைந்த தலையோடு உள்ளே நுழைந்தபோது குனிந்து ஒரு ரம்பத்தின் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். நிமிர்ந்தான். தாடி வெளுத்திருந்தது.

"வா டார்லா" என்றான்.

குரலைக் கேட்டு அவள் திடுக்கிட்டாள். குரலே இல்லை, வெறும் காற்று.

"தொண்டையில ஆப்பரேஷன். ஆறு வருஷமாச்சு. பயப்படாத, கடிக்க மாட்டேன். சூப் இருக்கு, குடிக்கிறியா?"

அவள் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். "லைல், அந்தப் பேட்டரி விஷயத்துக்கு நான் உன்கிட்ட மன்னிப்பே கேக்கல. இப்ப சரிபண்ண வழி கிடைச்சிருக்கு. ஒரு கையெழுத்துப் போட்டா போதும். உன் பாட்டு எப்படி இருந்திருக்கணுமோ அப்படி வரும்."

லைல் சி.டி.யை வாங்கி, அலமாரியில் இருந்த பாட்டுப்பெட்டியில் போட்டான். திருத்திய பாட்டு ஓடியது. கிட்டார் கீச்சிட்டது, டிரம்ஸ் ஓடி ஒளிந்தது. நடுவில் லைலின் குரல் வால் மிதிபட்ட வாத்துபோல் கத்தியது. டார்லாவுக்கே சங்கடமாக இருந்தது. லைல் தோள் குலுங்கச் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தி, எழுந்து பெட்டியை அணைத்தான்.

"இதைப் போடாத" என்றான்.

"ஏன்?"

அவன் ஸ்டூலை இழுத்து அவளுக்குப் போட்டான். "உக்காரு. அந்த வருஷம் நான் சளி, சளின்னு சொல்லிக்கிட்டே இருந்தேனே, ஞாபகம் இருக்கா?"

"எப்பவும் மூக்கை உறிஞ்சிக்கிட்டு இருப்பியே."

"சளி இல்ல. மில்லுத் தூசி. மேல் ஸ்தாயி எனக்கு அப்பவே போயிடுச்சு. கடைசிச் சரணம் எட்டல. கொட்டகையில உங்களுக்குத் தெரியாம முனகித் தப்பிச்சேன். ஸ்டூடியோவுல முடியாது. அன்னைக்குக் காலையில வண்டியில வரும்போதே, உள்ள போனதும் சொல்லிடணும், வேற ஆளைப் பாத்துக்கோங்கன்னு முடிவு பண்ணிட்டுத்தான் வந்தேன். நீ முதல் தந்தியை மீட்டின பாரு, அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. ரெண்டு படி கீழ இருக்குன்னு."

டார்லா ஸ்டூலை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"எனக்குத் தெரியும் டார்லா. தெரிஞ்சேதான் வாயை மூடிக்கிட்டேன். அந்த இடத்துல என்னால பாட முடிஞ்சுது. மூணு மணி நேரம் நான் மறுபடி பாடகன். அப்புறம் ரஸ் உன்னைத் திட்டினப்போ உண்மையைச் சொன்னா என் குரல் போன கதை வெளிய வந்துடும். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சேன். உன் தலையில விழட்டும்னு விட்டுட்டேன்."

"அடப்பாவி!" டார்லா எழுந்தே விட்டாள். முகம் சிவந்தது. "இருபத்தஞ்சு வருஷம்டா! உன் வாழ்க்கையைக் கெடுத்தேன்னு நான் செத்துச் செத்துப் பொழச்சேன். ஒரு போன் பண்ண முடியல உனக்கு?"

"தப்புதான். பெரிய தப்பு. திட்டு."

அவள் திட்டினாள். பஸ் ஓட்டுநர்கள் மட்டுமே அறிந்த வார்த்தைகளில், மூச்சு வாங்கும்வரை திட்டினாள். அவன் ஒன்றையும் தடுக்கவில்லை. அவள் ஓய்ந்து உட்கார்ந்ததும் சூப்பை ஊற்றி அவள் கையில் கொடுத்தான்.

"என் பொண்ணுக்கு வயசு இருபது" என்றான். "நான் பாடி அவ கேட்டதே இல்ல, அந்தத் தட்டுல தவிர. நான் செத்தாலும் என் குரல்னு மிஞ்சறது அது ஒண்ணுதான். நீ கெடுத்ததா சொல்ற. நீ இல்லேன்னா அதுவும் இல்ல."

டார்லா சூப்பைக் கீழே வைத்தாள். கண்ணைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. நெஞ்சிலிருந்து பெரிய பாரம் ஒன்று இறங்கியது. அந்தச் செத்த பேட்டரிக்கும், கொட்டகைக்கும், பெயர் தெரியாத அந்த மூன்று பெண்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும்போல இருந்தது.

லைல் காகிதத்தை எடுத்து, 'திருத்தலாம்' என்ற வரியின் மேல் கோடு போட்டு அடித்தான். தட்டின் அட்டையில் அச்சிட வேண்டிய விவரங்களுக்கென்று கீழே இடம் விட்டிருந்தது. எண்ணெய்க் கையோடு அங்கே மெதுவாக எழுதி, அவள் பக்கம் திருப்பினான்.

"சுருதி வைத்தவர்: டார்லா சோல்ஹைம். அவள் இறக்கி வைத்த இடத்தில்தான் என் குரல் நின்றது. நன்றி. லைல் கங்காஸ்."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேடா" என்றாள்.

"அன்னைக்குக் குரல் இருந்துச்சு, தைரியம் இல்ல. இப்பத்தான் தைரியம் வந்துச்சு, குரல் போயிடுச்சு. அதான் எழுதிக் குடுத்துட்டேன்."

டார்லா அவன் கையிலிருந்து பேனாவை வாங்கி, அதற்குக் கீழேயே தன் கையெழுத்தைப் போட்டாள்.